டனிஸ்ரனின் கைத்துவக்கு

அன்புள்ள திரேசம்மா,

மாதாவின் காவலில் நீ சுகமாயிருக்க வேண்டும். நான் சுகம். இம்முறை யாரையும் எழுதித் தரக் கேட்கவில்லை; கோயில் வகுப்பில் எழுதப் பழகிய என் கையே இதை எழுதுகிறது!

டெக்சாசில் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் டனிஸ்ரன் என்னைப் பார்க்க இங்கே மொன்றியல் வந்திருக்கிறான். சட்டைக்குள் தினமும் மறைத்துக்கொண்டு போக, டெக்சாசுக்குத் திரும்பியதும் கைத்துவக்கு வாங்கப் போகிறானாம். பெரியது குனிந்தால் தெரியும், சின்னது சுடும்போது கையை உதறும் என்கிறான். இரண்டு அளவுச் சவர்க்காரக் கட்டிகளை மாறி மாறி இடுப்பில் செருகி, "மாமா, எது தெரியுது?" என்றான்.

சண்டைக் காலத்து மன்னார் சோதனைச்சாவடி நினைவு வந்தது. நீ ஆசைப்பட்ட இனிப்பென்று வாங்கிய தொதல் பொட்டலம் என் இடுப்பில் புடைத்ததும் ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். நீ குறுக்கே பாய்ந்து, "தொதல்! தொதல்!" என்று கத்தினாய். அவனுக்கும் விளங்கிவிட்டது. பாதியைத் தின்றான்.

"ரெண்டும் தெரியுது தம்பி. பார்க்கிறவன் பயந்தால் முதல்ல உன்னைத்தான் சுடுவான்" என்று டனிஸ்ரனிடம் சொன்னேன்.

"மாமா, நீங்கள் இன்னும் அந்தக் காலத்திலதான் நிக்கிறியள்" என்று சிரித்தான்.

அவனுக்கு மாமி உன்னிடம் மட்டும்தான் பயம். ஞாயிறு போன் எடுத்து அவனை நன்றாக ஏசு. ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். இங்கே என்னை ஏச ஒருவரும் இல்லை. கூழ் காய்ச்ச ஒடியல் மாவும் அனுப்பு.

டோர்வலில் வேலைக்குப் போகிற பஸ் வருகிறது.

உன்,
யோசெப்