என் பீரியடை யாரும் தொடக்கூடாது

செப்டம்பர் 4, திங்கள்

நான்காம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடை வாய்ப்பாடு இன்றும் விழுங்கிவிட்டாள். வாய்ப்பாடு என்றால் கணக்கு டீச்சர். நான் வைத்த பெயர், இந்த டைரியில் மட்டும் புழங்குவது. கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, "பாடம் முடியல டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். கழுத்தில் விசிலும் கையில் பந்துப்பையுமாக வராந்தாவில் அசடு வழிய நின்றேன்.

ஒரு நாளாம். வாரத்துக்கு எத்தனை ஒரு நாள் இவளுக்கு?

செப்டம்பர் 5, செவ்வாய்

ஓவிய சாரிடம் புலம்பினேன். அவருடைய பீரியடை அறிவியல் தின்கிறதாம். பக்கத்து வகுப்பில் பரீட்சை என்று பாட்டு டீச்சரின் கீபோர்டை மூடச் சொல்லிவிட்டார்களாம். கம்ப்யூட்டர் டீச்சருக்குக் கிடைக்காமல் அந்த அறைச் சாவி தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் தூங்குகிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நமக்கெதுக்கு வம்பு" என்று பிரஷ் கழுவப் போய்விட்டார் மனிதர்.

கால அட்டவணையில் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரே தலைப்பு: 'இதர'. நான் இதரவா? படித்துப் பட்டம் வாங்கியது இதற்கா?

செப்டம்பர் 8, வெள்ளி

புது வித்தை. இன்று வகுப்பைக் கீழே அனுப்பிவிட்டு, ஒரு பிள்ளையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டாள். ரெட்டைச்சடை. ஒல்லிப் பெண், இருக்கிற இடம் தெரியாது. கணக்கு முடிக்கவில்லையாம், அதற்குத் தண்டனையாம். முடித்ததும் அனுப்புவதாகச் சொன்னாள். மணி அடிக்கும்வரை அனுப்பவில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

மறுபடியும் அதே பிள்ளை! மைதானத்திலிருந்து பார்த்தால் ஜன்னலில் குனிந்த தலை தெரிகிறது. வெளியே நல்ல வெயில், எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடுகின்றன. இது மட்டும் அங்கே பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மாடியேறினேன்.

"உங்க பாடத்துல தப்பு பண்ணினா என் பாடத்தைப் பிடுங்குவீங்களா? ஓடத் தெரியாத பிள்ளைய உங்க வகுப்புக்கு அனுப்பாம நான் வச்சுக்கிட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். கடைசியில், "அவ இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். என் மூஞ்சிக்கு நேரே சாத்தினாள்!

ஒரு பிள்ளைக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

செப்டம்பர் 13, புதன்

ஜன்னலில் அதே தலை. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை நான்.

செப்டம்பர் 14, வியாழன்

ஜெயித்துவிட்டேன்.

தலைமையாசிரியையின் அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் பேசினேன். ஒரே ஒரு பிள்ளையை இனிமேல் பிடித்து வைத்தாலும் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். விளையாட்டு விழா நெருங்குகிறது. என்னை விட்டால் அணிவகுப்பு நடத்த அவர்களுக்கு ஆள் கிடையாது. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். 'இதர' வகுப்புகளுக்கு அனுப்பாமல் எந்தப் பிள்ளையையும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது, திங்கள் முதல் இதுதான் சட்டம் என்று சாயங்காலக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார்கள்.

வாய்ப்பாட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஓவிய சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து.

செப்டம்பர் 18, திங்கள்

முழு வகுப்பும் வந்தது. ரெட்டைச்சடை வரிசையின் கடைசியில் வந்தாள்.

எறிபந்து. எப்போதும்போல இரண்டு தலைவர்களை நிறுத்தினேன். மாற்றி மாற்றி ஆளுக்கொருவராகக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். நான் படித்த காலத்திலிருந்து இதுதான் முறை. சுருக்காக முடியும், சண்டை வராது. இன்று சண்டை வந்தது. கடைசியில் ரெட்டைச்சடை மட்டும் நின்றாள். நீ எடுத்துக்கோ என்றான் ஒருவன். வேண்டாம், நாங்க ஒரு ஆள் குறைவாவே ஆடிக்கிறோம் என்றான் மற்றவன். எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நேரம் போகிறதே என்று எனக்கு எரிச்சல். "யாராவது ஒருத்தர் எடுத்துத் தொலைங்கடா" என்று விசிலை ஊதினேன்.

ஆட்டத்தில் பந்து நேராக அவளிடம்தான் வந்தது. கையை நீட்டக்கூட இல்லை. இதற்காகவா நான் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டேன்?

செப்டம்பர் 20, புதன்

விளையாட்டுப் பீரியடில் ரெட்டைச்சடையைக் காணோம். தேடிப்போனால் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தட்டினேன். வயிற்று வலி என்றது குரல். சட்டத்தை உடைக்க வாய்ப்பாடு செய்கிற வேலை என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே போய்க் கேட்டேன், பிள்ளையைத் தூண்டிவிடுகிறீர்களா என்று.

திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"அவளுக்குக் கணக்கு நல்லா வரும் டீச்சர். எல்லாருக்கும் முன்னாடி போட்டு முடிச்சுடுவா. உங்க பீரியட் வர்ற நேரம் பார்த்து, போட்டதையெல்லாம் ரப்பர் வச்சு அழிச்சுடுவா. தெரிஞ்சும் தெரியாத மாதிரி தண்டனை குடுத்து உட்கார வச்சுக்கிட்டேன்."

எதற்கு என்றேன்.

"கீழ வந்தா கடைசியா நிக்கணுமே."

இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

செப்டம்பர் 21, வியாழன்

ஒரு பிள்ளை, சரியாகப் போட்ட கணக்கை அழிச்சுட்டுத் திட்டு வாங்கிக்குது, என்கிட்ட வராம இருக்க. என்கிட்ட. நான் என்ன பேயா?

வாய்ப்பாடு பீரியட் திருடிதான், அதை யாரும் மாத்த முடியாது. முழு வகுப்பையும் முழுங்கினவதான். ஆனா இதுல — இதுல அவ மேல என்ன தப்புன்னு காலையிலேர்ந்து தேடுறேன், ஒண்ணும் கிடைக்கல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? என் கண்ணு எங்க போச்சு? மைதானத்துல நின்னு வேடிக்கை பார்த்தது நான்தானே?

செப்டம்பர் 22, வெள்ளி

தலைவர்கள் கிடையாது, ஆள் எடுப்பது கிடையாது என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் உட்காரும் வரிசைப்படி நானே பாதிப் பாதியாகப் பிரித்தேன். வழக்கமாகத் தலைவனாகிற இரண்டு பயல்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

ரெட்டைச்சடை கழிப்பறையில்தான் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, இப்போது முறை மாறிவிட்டது, வந்து பார் என்றேன். வயிற்று வலி என்றாள். என்னை நம்ப அவளுக்கு என்ன தலையெழுத்து?

செப்டம்பர் 25, திங்கள்

மணி அடிப்பதற்கு முன்பே மாடியேறினேன். கழிப்பறை ஈரத்தில் அந்தப் பிள்ளை இன்னொரு நாள் நிற்கக் கூடாது. வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

"இன்னிக்கு அவ உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

ஒரு வார்த்தை குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். காட்டியிருந்தால் தேவலை, பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன். அவளோ, உங்கள் சட்டம் என்ன ஆவது என்றுதான் கேட்டாள். தலைமையாசிரியையிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"அவளா வர்ற வரைக்கும்."

முதல் பெஞ்சில் ரெட்டைச்சடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான், விளையாட வர வேண்டாம் என்று சொன்னதற்கு.