தாலி கட்டுற படம்

சூரத்

அன்புள்ள கலைவாணிக்கு, சிவராஜ் எழுதுறேன். நீயும் அம்மாவும் சுகமா இருக்கணும்னு குமரகோட்டத்து முருகனை வேண்டிக்கினு இருக்கேன். எழுத்து கோணலா இருக்குதேன்னு பயப்படாதேமா, இடது கையால எழுதுறேன்.

போன மாசம் மில்லுல வலது கையில அடிபட்டுது. போன்ல சொல்ல மனசு வரலை. ஓடுற பவர்லூம்ல இழை அறுந்துது, முடிச்சுப் போட கை தானா உள்ளே போயிடுச்சு. நம்ம வீட்டுத் தறி மிதியிலேர்ந்து காலை எடுத்தா நின்னுடும். இது நிக்கலை. இப்ப காயம் ஆறிடுச்சு. கரண்டியால நல்லாவே சாப்பிடுறேன்.

அன்னிக்கே நடந்ததைக் கூட வேலை செய்யுறவரை விட்டு எழுதி மில்லுல குடுத்து, நகல் வாங்கிக்கினேன். ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் பத்திரமா இருக்குது. மேனேஜர் வெத்துத்தாள்ல கையெழுத்து கேட்டாரு, நான் போடலை. பக்கத்துத் தறி ஒடிசாக்காரர் சாட்சி சொல்றேன்னுட்டாரு. ஆனா நஷ்டஈட்டு விசாரணையில மேனேஜர், ஊர்லேர்ந்து வரும்போதே இவனுக்கு ஆள்காட்டி விரல் இல்லைன்னு சொல்லிட்டாரு.

அதனால லேபர் ஆபீஸ்ல பழைய போட்டோ கேக்குறாங்க. செல்போன்ல அனுப்பினா போதாதாம், அசல் வேணுமாம். நம்ம கல்யாண ஆல்பத்துலேர்ந்து நான் தாலி கட்டுற படத்தைப் பிரிச்சு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு. அம்மாவுக்குத் தெரிய வேணாம். கூடவே உன் கையெழுத்துல ரெண்டு வரி எழுதி வை. போன்ல பேசினா, வெச்சதும் ஒண்ணும் மிஞ்ச மாட்டேங்குது.

தபால் எடுக்குற நேரமாச்சு, முடிக்கிறேன். அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் படத்துல முடிச்சுப் போடுற கையை நல்லாப் பாரு. அஞ்சு விரலும் தெரியணும்.

சிவராஜ்