பறை கேட்டு வரைந்த புஸ்வாணம்

ஆவணி 14, சனிக்கிழமை. (காலையில் 13 என்று எழுதியது பிழை, திருத்திவிட்டேன்.)

பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் படங்களை ஒரே வீணை ஆல்பத்தைக் கேட்டுத்தான் வரைவேன். அப்போதுதான் கோடு நடுங்காது. இன்று அச்சகத்தில் கணினியில் வண்ணம் சேர்க்கும் செல்வி, “ஒருநா என் ஆல்பத்தையும் கேளுங்க பெரியப்பா, உங்க வீணை ஒண்ணும் கோவிச்சுக்கிராது” என்று பறையிசையை ஒலிக்கவிட்டாள். வெறும் இரைச்சல் என்றே எண்ணியிருந்தேன். அடிகளுக்கு நடுவே அவர்கள் விடும் மௌனம் அற்புதம்! கை தானாக ஓடியது.

மாலையில் முதலாளி படத்தைப் பார்த்தார். “அண்ணாச்சி, நான் கேட்டது புஸ்வாணம். நீங்க சங்குசக்கரத்தச் சுத்த விட்டிருக்கீக!”

உண்மைதான். பொறிகள் மேலே எழாமல் வட்டமிட்டன. வயதாகிவிட்டதென்று வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவாரோ என அஞ்சினேன். அவரோ படத்தைக் கீழே வைக்கவில்லை. “சக்கரப் பெட்டிக்கு இதையே ஓட்டிருவோம். புஸ்வாணத்தத் திங்கக்கிழமை தாங்க.”

புஸ்வாணம் வீணைக்கே உரியது. அது பொறுமையாக எழவேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சரவெடி லேபிள் இன்னும் வரையவில்லை. அதற்கு அந்தப் பறை வேண்டுமெனச் செல்வியிடம் சொல்லிவைத்தேன்.