சொல்லாமல் விட்ட கடைசி வரி

சனி, நவம்பர் 16

ஆயர் ஈத்தாமில் மகன் வீட்டில் எங்கள் கல்யாண நாள் விருந்து. மருமகளின் சீனப் பெற்றோரும் வந்திருந்ததால் ஆங்கிலத்தில் பேசினேன். இரு துருவங்கள்போல் வேறுபட்டவர்கள் என்பதற்கு ‘போல்ஸ் அபார்ட்’ என்றால் நாங்கள் பிரிந்து வாழ்வதுபோல் தோன்றுமோ என்று பயந்து, அகராதி பார்த்து வேறு தொடரை எடுத்திருந்தேன். நானும் என் மனைவி கமலமும் ‘சாக் அண்ட் சீஸ்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆங்கிலம் அறியாத கமலம் மட்டும் சிரிக்கவில்லை. பதறிப்போய், கடைசி வரியைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், “என்னை வச்சுத்தானே சிரிச்சாங்க?” என்றாள்.

“எழுதுற சாக்கும் திங்குற சீஸும் மாதிரி, நாம ரெண்டு பேரும் துளிகூட ஒண்ணில்லன்னு சொன்னேன்.”

“நெசந்தானே லா! நீங்க எதுக்கும் பத்துத் தடவ யோசிப்பீங்க. நானும் யோசிச்சிருந்தா உங்களக் கட்டியிருப்பேனா?” என்று சிரித்தாள்.

எனக்கு மூச்சு வந்தது. விட்டுப்போன வரியைத் தமிழில் சொன்னேன். “நீயும் என்னை மாதிரி பயந்தவளா இருந்திருந்தா, நமக்கு இந்தக் குடும்பமே இல்ல. நன்றி, கமலம்.”

“இத அங்கேயே தமிழ்ல சொல்றதுக்கென்ன?” என்று கடிந்துகொண்டாள். பிறகு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.