உப்புக்குள் ஒரு வெள்ளைச் சட்டை

ஏப்ரல் 6, 1959. வாலிநோக்கம்
மோட்டார் சைக்கிள் வாங்கி இன்றோடு பத்து நாள். காக்கிச் சட்டையில் போனால் புழுதி ரோட்டில் எதிரே வருகிறவனுக்கு ஆள் தெரியாது என்று ஆபீசில் பயமுறுத்தினார்கள். இனி வெள்ளைதான். சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாம். "புது மாப்பிள கணக்கா இருக்கீக" என்றாள் லத்தீபா. கல்யாணமாகி ஏழு வருஷம்!

ஏப்ரல் 9
உப்பளத்துக்கு நடுவே ஓடும் அந்த நாலு மைல் ரோடு. பதினோரு மணிக்கு மேல் அங்கே வானமும் இல்லை, தரையும் இல்லை. இரண்டு பக்கமும் பாத்தி, உப்புக் குவியல், கானல். வண்டி ஓடுகிறதா, நான் மிதக்கிறேனா? நான் உப்பு எடை பார்க்கிற குமாஸ்தா என்பதே மறந்துவிடுகிறது. வீட்டில் சொன்னேன்.
"இங்கனயும் அப்படித்தேன். உக்காந்திருப்பீக, ஆளு இருக்க மாட்டீக" என்றாள்.

ஏப்ரல் 16
இன்று உச்சி வெயிலில் உப்பு லாரி ஒன்று நேரே என் மேல் வந்தது. கடைசி நொடியில் ஒடித்துப் பாத்திக்குள் இறங்கிச் சாய்ந்தது. டிரைவர் சோணைமுத்து, பக்கத்துச் சிக்கல் ஊர்க்காரன். "சத்தியமா உங்களத் தெரியல சார்" என்கிறான். பட்டப்பகலில், வெள்ளை வெளேரென்று போகிறவனைத் தெரியவில்லையாம். குடித்திருப்பான். மேனேஜரிடம் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17
சோணைமுத்துவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "குடிச்சிருந்தத நீங்க பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டாள் லத்தீபா.

ஏப்ரல் 25
வண்டி பஞ்சர். வேறொரு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அதே ரோடு, அதே வெயில். தூரத்தில் ஒரு கறுப்புக் குடை மட்டும் தானாக வந்துகொண்டிருந்தது. கீழே ஆள் இல்லை. கனவு என்றே நினைத்தேன். கிட்டே போகப் போக ஒரு முகம் வந்தது, கை வந்தது. எங்கள் பியூன் சீனி முகம்மது! வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி.
"உப்புக்குள்ள வெள்ள எங்க சார் தெரியும்? சத்தத்த வச்சுத்தேன் ஓட்டுறோம்" என்றார் டிரைவர்.
யா அல்லா. சோணைமுத்து பொய் சொல்லலியே. என்னப் பாக்காமலே சத்தத்துக்கு ஒடிச்சுக் காப்பாத்தியிருக்கான். நான் அவன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டேன் —

ஏப்ரல் 27
மேனேஜரிடம் போனேன். அவன் குடித்திருந்ததை நான் பார்க்கவில்லை, தப்பு என் உடுப்பில் என்றேன்.
"எழுதிக் குடுத்தது நீருதானே? இப்ப எத நம்புறது?"
நாளைக்கு ஒரு தடவை லாரியில் ஏறிப் பாருங்கள் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுத வேண்டும்.

ஏப்ரல் 28
மேனேஜர் வந்தார். லாரியை ரோட்டோரம் நிறுத்தி உட்கார்ந்துகொண்டார். எதிரே மோட்டார் சைக்கிளில் வெள்ளையோடு வந்தேன். வண்டியும் உப்புத்தூள் படிந்து வெளுத்துத்தான் கிடந்தது. "சத்தம் கேக்குது, ஆளக் காணமே" என்றாராம்.

ஏப்ரல் 29
சேதி சொல்ல சிக்கலுக்கு நானே போனேன். சோணைமுத்து வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றேன். மன்னித்துக்கொள் என்றேன். கையிலிருந்த முள்ளை வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.
"குடிச்சேன்னு எழுதிட்டீகளே சார். எம் பொண்டாட்டியே ரெண்டு நா எம் மூஞ்சிய மோந்து பாத்தா."
திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மே 2
லத்தீபா பழைய கறுப்புக் குடைத்துணியைப் பிரித்து எனக்குக் கையில்லாத மேல்சட்டை ஒன்று தைத்திருக்கிறாள். வக்கீல் வாராரு என்று உப்பளத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். முதுகு வேகிறது. பொழுது சாய்ந்ததும் கழற்றிவிட வேண்டும் என்று லத்தீபாவின் உத்தரவு. இருட்டுக்கு வெள்ளைதான்.

மே 4
உச்சி வெயில். எதிரே லாரி. மூன்று பர்லாங்குக்கு அப்பாலேயே ஹாரன் அடித்துவிட்டான் சோணைமுத்து. ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டான். சிரிக்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனான்.