பாலத்தடியில் திறந்த நோன்பு

தம்பி,

இன்று காலை, நாங்கள் இப்போது குடியிருக்கும் பூ மி ஹங்கில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது. சுற்றி நின்றவர்கள் தண்ணீர், தண்ணீர் என்று பறந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்துக் கடையில் இனிப்புக் காப்பி வாங்கி, கூட்டத்தை விலக்கி, நானே அவர் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து, இந்த ஊர்ப் பாஷையில் 'காம் ஓன்' என்று நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மேலே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். சைக்கிள் பந்தயத்துக்கு முந்தின நாள் நம் பழைய கான் ஹோய் வீட்டில் சட்டிச் சோறு முழுவதையும் நீ ஒருவனே கவிழ்ப்பாய். வயிறா வண்ணான் சாலா என்று நான் திட்டினால், சிரித்துக்கொண்டே பாடம் நடத்துவாய். சோறு சர்க்கரையாகித் தசையிலும் ஈரலிலும் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வேகமாக மிதிக்கும்போது முதலில் எரிவது அதுதான். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது ஈர விறகு, மெதுவாகத்தான் எரியும். ஈரலில் இருப்பது தீர்ந்தால் மூளைக்கே தீனி கிடையாது. "அப்பொ வீரனும் கெடையாது சூரனும் கெடையாது லாத்தா, ஒரு துண்டு இனிப்புதான்" என்பாய்.

இவ்வளவும் தெரிந்த நீதான் அன்று அப்படிச் செய்தாய்.

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். புது அரசாங்கத்தின் படையும் ஆற்றங்கரைச் சண்டியர்களின் படையும் தெருவிலேயே சுட்டுக்கொண்டன. நோன்பு மாதம் வேறு. உன் மச்சான் சந்தைப் பக்கத்துத் துணிக்கடையில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நிறைமாதமாக நான், துணைக்கு நீ. இரவெல்லாம் வெடிச் சத்தம், அடுப்பு மூட்டப் பயம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நோன்புக்கு நிய்யத் வைத்தாய். விடிந்ததும் எனக்கு வலி கண்டது. வண்டி தேடி உன் பந்தய சைக்கிளில் ஊரெல்லாம் அலைந்தாய். குதிரை வண்டிக்காரன்கூட வர மறுத்துவிட்டான். உச்சி வெயிலில் திரும்பி வந்து, பின்னால் கேரியர் இருந்த மச்சானின் பழைய சைக்கிளில் தலையணையைக் கட்டி என்னை உட்கார வைத்தாய். மடியில் ஒரு துணிமூட்டை. அதில், பிள்ளை பெற்றதும் நான் தின்பதற்கு உம்மா காரைக்காலிலிருந்து கப்பலில் அனுப்பிய கருப்பட்டி மருந்து.

ஆஸ்பத்திரி கால்வாய்க்கு அக்கரையில். பக்கத்துப் பாலத்தை அடைத்துவிட்டார்கள். சுற்றிக்கொண்டு அடுத்த பாலத்துக்குப் போனோம். அதையும் அடைக்கப் போவதாகச் சிப்பாய்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் தகரக் கூரைகள் எரிந்தன. ஏற்றம் தொடங்கும் இடத்தில் சைக்கிள் தள்ளாடியது. நீ காலை ஊன்றினாய். ஊன்றிய கால் மடங்கியது.

என்னடா என்றேன். வாப்பா கூப்பிடுகிறார், கடை திறக்கணும் என்றாய். வாப்பா மௌத்தாகி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எனக்கு வலிகூட மறந்துவிட்டது. அப்படி அதற்குப் பிறகு நான் பயந்ததே இல்லை.

மூட்டையை அவிழ்த்துக் கருப்பட்டி மருந்தை நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாய்.

"நோம்பு லாத்தா. அதோட அது பெத்தவளுக்கு உள்ளது."

"பெக்கணும்ல முதல்ல? நீ மிதிச்சாத்தான் நான் பெப்பேன். தொறடா."

நீ தலையை ஆட்டினாய். நான் உன் தாடையைப் பிடித்து, சிறு வயதில் கசாயம் ஊற்றுவது போலத் திணித்தேன். முதலில் கண்ணீர் வந்தது உனக்கு, பிறகுதான் மென்றாய். இன்னொன்று கொடுத்தேன். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தடுப்பைத் தட்டி நம்மை விரட்டினான். அடுத்த வலி வந்து போகும்வரை நீ கைப்பிடியில் தலையைச் சாய்த்திருந்தாய். பிறகு நிமிர்ந்து, தெளிவான குரலில், "கெட்டியாப் புடிச்சிக்க லாத்தா" என்றாய்.

நீ மிதித்தாய். நாம் அக்கரையில் இறங்கியதும் பின்னால் முள்கம்பியை இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தாதிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாய்: "இந்த நோம்ப இன்னொரு நாள் களாப் புடிச்சிக்கிறேன், யார்ட்டயும் சொல்லாதே." மச்சானைக் கூட்டிவரப் போனாய். சந்தைக்குப் போகும் தெருவில் எவன் சுட்டானோ. பொழுது சாயும் மக்ரிபுக்கு முன்னால் என் மகள் பிறந்தாள். மக்ரிபுக்குப் பிறகு உன் செய்தி வந்தது.

திணித்ததற்கு நான் வருந்தியதே இல்லை, தம்பி. நூறு தடவை அந்தப் பாலத்தடியில் நின்றாலும் நூறு தடவையும் திணிப்பேன்.

நாற்பது கழிந்ததும் உன் பெயரைச் சொல்லாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டேன். களாப் பிடிக்க அவருக்கு ஒரு நாள்கூட வாய்க்கவில்லையே, அவர் மேல் கடமை ஏதுமில்லை, நீங்களும் பிடிக்க வேண்டியதில்லை என்று சொல்லியனுப்பினார். சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வருஷா வருஷம், என் நோன்புகள் முடிந்த பிறகு கூடுதலாக ஒன்று பிடிக்கிறேன். இந்த வயதில் என்ன பிடிவாதம் என்று மகள் சண்டை போடுகிறாள். டாக்டர் வேறு மிரட்டுகிறார்.

அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உனக்குச் சொல்கிறேன். நீ போன பிறகு வீட்டில் உன் பேச்சை எடுத்தாலே உன் மச்சான் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்காகவே நாங்கள் பேசாமல் பழகிப்போனோம். இப்போது அவரும் இல்லை. உன்னைத் தெரிந்தவர்களும் இல்லை. அந்த ஒரு நோன்புக்கு நிய்யத் வைக்கும்போதுதான், இது இன்னாருக்காக என்று உன் பெயரை நான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

உன் லாத்தா