சிவப்பு வால்வைத் திறந்தவன் நான்

நண்பா,

போன சனிக்கிழமை மகளின் காரை மண்ணூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். ஏசி சரியாகக் குளிரவில்லை. மெக்கானிக் பானட்டைத் தூக்கி நீலக் குழாயையும் சிவப்புக் குழாயையும் மாட்டினார். கேஸ் ‘உஸ்’ஸென்று உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலேயே நான் நாலடி பின்னால் போய், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் வாய் திறந்து ஒருநாளும் கேட்காத மன்னிப்பை எழுத்திலாவது கேட்டுவிட வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு நீயும் உன் மனைவியும் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, இங்கே கார் தொழிற்சாலையில் ஏசி பொருத்தும் லைனில் கான்டிராக்டில் இருந்தாய். நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்திருந்தது. உங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

என் மகளுக்கு நாலு வயது. பிறவியிலேயே அவள் உடம்பில் வேர்வை சுரக்காது. வெயில் ஏறினால் உடம்பு அனலாகிவிடும். ஷிப்ட் முடிந்து வந்ததும் ஈரத் துண்டை அவள் தலையில் சுற்றிவிட்டு, “மகாராணிக்கு கிரீடம் வச்சாச்சு” என்பாய். அவள் சிரிப்பாள். உன் மனைவி மோர்ச்சாதம் பிசைந்து கொண்டுவருவாள்.

எங்கள் நிலத்தை விற்ற பணத்தில், சென்னை ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போகவென்றே ஏசி உள்ள பழைய கார் ஒன்றை வாங்கினேன். அந்த மே மாதம் ஏசி நின்றுபோனது. கடையில் இரண்டு முறை கேஸ் ஏற்றினார்கள். இரண்டு முறையும் ஒரே வாரத்தில் குளிர் போய்விட்டது. அப்படி வெறும் காற்றோடு போன ஒருநாள், பூந்தமல்லி நெரிசலில் என் மடியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

“கேஸ் போட்டு என்ன செய்ய அண்ணாச்சி? எங்கயோ ஒழுகுது. அதை முதல்ல பாப்போம்” என்றாய். வெள்ளிக்கிழமை லீவு போட்டாய். தெரிந்த பிரிட்ஜ் மெக்கானிக்கிடம் பம்பும் மீட்டரும் இரவல் வாங்கி, புதுப்பேட்டையிலிருந்து மூன்று கேஸ் டின் கொண்டுவந்து, வாசலில் வேலையைத் தொடங்கினாய். சோப்பு நுரையைத் தடவி, ஒரு குழாய் மூட்டில் குமிழி வருவதைக் கண்டுபிடித்தாய். அங்கே நைந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றினாய். பிறகு பம்பை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாய். ஒரு மணி நேரம் ஆயிற்று. மணி பதினொன்று. வீட்டுக்குள்ளிருந்து பாப்பா அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இன்னாப்பா, இன்னும் எம்மா நேரம்?”

“பைய செய்வோம் அண்ணாச்சி. அவசரப்பட்டா திரும்பவும் குளிர் நிக்காது.”

“நீ சொல்லுவ. புள்ள பெத்திருந்தா தெரியும் உனக்கு.”

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பம்பைக் கழற்றிவிட்டு டின்னை மாட்டினாய். இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரில் இருந்த இரண்டு வால்வுகளில் நீலத்தை மட்டும் கொஞ்சமாகத் திறந்தாய். “எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கக் காருக்குள் போய் உட்கார்ந்தாய்.

கேஸ் மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டையும் திறந்தால் சீக்கிரம் ஏறுமே என்று நான் சிவப்பு வால்வைத் திறந்தேன். அது அழுத்தம் வெளியே தள்ளும் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே போக வேண்டிய கேஸ் திரும்பி டின்னுக்குள் பாய்ந்தது. சத்தம் மாறியதுமே நீ குதித்து ஓடிவந்தாய். “தள்ளுங்க!” என்று என்னைக் கீழே தள்ளிவிட்டு, இடது கையால் சிவப்பை மூடி, வலது கையால் டின்னைப் பிடித்தாய். அதன் மூட்டு பிய்த்துக்கொண்டது. வெள்ளையாகப் பீய்ச்சியடித்தது உன் விரல்களின் மேல்.

குளிர் சுடும் என்று அன்றுதான் பார்த்தேன். மூன்று விரல்கள் மெழுகுபோல வெளுத்து, சாயங்காலத்துக்குள் கொப்புளமாக எழும்பின. ஓடிவந்த உன் மனைவியிடம், “என் கைதான் தவறிட்டு” என்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுப் போட்ட கையோடு நீயாகவே இறங்கி வந்தாய். நீ சொல்லச் சொல்ல நான் செய்தேன். “நீலத்தை மட்டும் தொறங்க. போதும். மூடுங்க.” கம்ப்ரசர் ‘டக்’கென்று பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சில்லென்ற காற்று வந்தது. திங்கட்கிழமை செம்பரம்பாக்கம் தாண்டும்போது பாப்பா பின்சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரில் பிறகு ஐந்து கோடை ஓட்டினோம்.

உன் ஆள்காட்டி விரலில் உணர்ச்சி திரும்பவில்லை. சின்னத் திருகுகளைப் பிடிக்க முடியவில்லை என்று சூப்பர்வைசர் உன்னை ஸ்டோருக்கு மாற்றினார். நிரந்தரம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதைப்பற்றி நீ என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. வேலையைவிட, அன்று நான் சொன்ன அந்த வார்த்தைதான் உன்னை அதிகம் சுட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்காமலே காலம் ஓடியது. நீங்கள் ஊருக்கே திரும்பிப் போனீர்கள்.

உன் பதினாறாம் நாளுக்கு மகள்தான் காரை ஓட்டிவந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு உன் மனைவியிடம் போய், “தங்கச்சி, அன்னிக்கு அந்த வால்வைத் தொறந்தது நான்தாம்மா” என்றேன்.

“தெரியும்ணே. நீங்க சொன்ன சொல்லும் தெரியும். அன்னைக்கே அவுக என்கிட்ட சொல்லிட்டாவ” என்றாள் அவள். “ரெண்டு பேரும் அழுதோம். பெறவு, ‘அண்ணாச்சி பிள்ளைக்கு என்ன ஆகுமோங்கிற பயத்துல பேசிட்டாவ, நீ மனசுல வைக்காத, மோர்ச்சாதம் கொண்டு போ’ன்னாவ.”

அந்த வெள்ளிக்கிழமை மாலையும் அவள் கிண்ணத்தோடு இறங்கி வந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாம் தெரிந்த கையால்தான் என் மகளுக்கு ஊட்டியிருக்கிறாள்.

என்னை மன்னித்துவிடு. நீ எப்போதோ மன்னித்துவிட்டாய் என்று தெரிந்தே கேட்கிறேன். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் சுருக்கென்று ஒரு சொல் சொல்லிவிட்டால் உடனே பதில் கொடுப்பதில்லை. இவர் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒரு நிமிடம் நிற்கிறேன்.